உயிலின் மூன்றாவது பத்தி

மார்ச் 4, செவ்வாய்

பதினொன்றரைக்கு ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் உயில் எழுத என் ஆபீசுக்கு வந்தார். எண்பத்தொரு வயது. கூட மருமகள். நாற்பதைத் தொட்டிருக்கலாம். அவர் கையைப் பிடித்து மாடியேற்றியது அவள். ஃபைலை இடுக்கிக்கொண்டு வந்தது அவள். நான் அவரைப் பார்த்து "உக்காருங்க" என்றதற்கு, "மாமாவுக்குக் காது மந்தம், சத்தமாச் சொல்லணும் மேடம்" என்று பதில் சொன்னதும் அவள்தான்.

எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்றேன். அவள் முகம் மாறவில்லை. மாறாததையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கதை இதுதான். ஒரே மகன். ஆறு வருடத்துக்கு முன்னால் இவளை விட்டுவிட்டு வேறு ஊரில் வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். விவாகரத்தும் முடிந்துவிட்டது. ஆனால் இவள் மாமனார் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டு அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். ஏன் போகவில்லை? காரணம் ஃபைலுக்குள் இருக்கிறது என்று தோன்றியது. தோட்டத்தோடு கூடிய வீடு.

அவர் சொன்னார்: "நான் சுயநினைவோட, யாருடைய தூண்டுதலும் இல்லாம, முழு மனசோட என் வீட்டை என் மருமகளுக்கு எழுதறேன்."

சரியாகக் கேட்கவில்லை என்று பாசாங்கு செய்து திரும்பச் சொல்லச் சொன்னேன். அச்சு அசலாக அதே வாக்கியம்.

விவரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு அடுத்த புதன் வரச் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 5

நேற்று அவர் இரண்டு தடவையும் சொன்னது அதே வாக்கியம். மூச்சு விட்ட இடம்கூட அதே. கிளிப்பிள்ளை பாடம்.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் இவரிடம் பொதுவாகச் சொன்னேன், பெயர் ஊர் எதுவும் இல்லாமல். "உனக்குப் பால்காரர் சிரிச்சாக்கூட சந்தேகம்" என்கிறார். இருக்கட்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் சந்தேகப்படாமல் ஒரு விதவைக்கு உயில் எழுதிக் கொடுத்தேன். தன் அக்கா மகன் சொல்லிக்கொடுத்ததை அந்த அம்மா அப்படியே ஒப்பித்திருக்கிறாள். பிறகு என்னைச் சாட்சிக் கூண்டில் நிற்க வைத்து, "வக்கீலம்மா, நீங்க அந்த அம்மாகிட்ட தனியா எத்தனை நிமிஷம் பேசினீங்க?" என்று நீதிபதி கேட்டார். கோர்ட் முழுக்க என்னையே பார்த்தது. இவரா வந்து நின்றார் அந்தக் கூண்டில்?

மார்ச் 8, சனி

சர்வேயரின் மகன் போன் செய்தான். தேன் ஒழுகும் குரல். "அப்பா உங்ககிட்ட உயில் எழுத வந்தார்னு கேள்விப்பட்டேன். அவருக்கு இப்பல்லாம் ஞாபகமே இல்ல மேடம். அந்தப் பொம்பள ஆட்டி வைக்கறா. பாத்துப் பண்ணுங்க."

"யார் வந்தாங்க, வரல, எதையும் நான் போன்ல பேசறதில்ல" என்று வைத்துவிட்டேன். அவன் சொன்னதைத்தானே நானும் நினைத்தேன்? அதே எண்ணத்தை அவன் வாயில் கேட்டபோது ஏன் பிடிக்கவில்லை?

அதைவிடப் பெரிய கேள்வி: அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த அறையில் அன்று இருந்தது நான், அவர், கதவுக்கு வெளியே அவள். பக்கத்து மேஜையில் என் குமாஸ்தா.

அவள் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வாளா? மாட்டாள். மிச்சம் ஒரே ஆள்.

மார்ச் 10, திங்கள்

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். ஆனால் குமாஸ்தாவுக்கு வளைவு தெரியாதா? பத்தொன்பது வருடம் என் கடிதங்களைத் தட்டச்சு செய்தவர்.

"நேராவே கேளுங்க மேடம். நான் சொன்னேனான்னு கேளுங்க."

"சொன்னீங்களா?"

"இல்ல."

அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். எப்போதும் என் மேஜையில்தான் இரண்டு பேரும் சாப்பிடுவோம். நான் தனியாக மென்று விழுங்கினேன்.

மார்ச் 12, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

சர்வேயர் வந்தார். மருமகளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். இன்று அவரைச் சோதித்தே தீருவது என்று இருந்தேன். தேதி கேட்டேன், சொன்னார். வீட்டின் நாலு எல்லையைக் கேட்டேன். கிழக்கில் எத்தனை அடி, வடக்கு மூலையில் சுவர் எத்தனை அங்குலம் உள்வாங்கியிருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னார். ஞாபகமறதியா? இந்த மனிதருக்கா?

பேனாவை மூடிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில், "அன்னிக்கு ஒப்பிச்சதை யார் எழுதிக் கொடுத்தாங்க?" என்று முணுமுணுத்தேன்.

"யார் எழுதிக் கொடுக்கணும்? நில வழக்குல நாப்பது தடவை கூண்டு ஏறினவன் நான். கோர்ட்டுக்கு எந்த வார்த்தை வேணும்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கும் உறைத்தது. காதைத் தடவிக்கொண்டார். பிறகு சிரித்தார். "கேக்காதுன்னு இருந்தா நாலு விஷயம் காதுல விழும் மேடம்."

மருமகள் எதிரில் செவிடாக இருக்கிறவர் என்னிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேச ஆரம்பித்தார். வீடு மருமகளுக்கு. ஆனால் அவர் உயிரோடு இருக்கும்வரை அவள் அந்த வீட்டிலேயே அவரோடு இருக்க வேண்டும். மறுமணம் செய்யக் கூடாது. இரண்டில் எதை மீறினாலும் வீடு மகனுக்கு.

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்? வீடு உனக்குத்தான்னு சொல்லிட்டேன். அது போதும். லேபுக்குப் போன் மேல போன் வருது, யார்னு தெரியல. அவ கிளம்பிட்டான்னா என்னை யார் பாத்துக்கறது?"

"உங்க பையனுக்கு இந்த விஷயம் எப்படித் தெரிஞ்சது?"

"நான்தான் சொன்னேன். அவனுக்கும் ஒரு பயம் இருக்கட்டும். மாசம் ஒரு தடவையாவது போன் பண்ணுவான் இல்ல?"

இத்தனை நாள் கண்கொத்திப் பாம்பாக நான் பார்த்துக்கொண்டிருந்தது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை.

அவர்கள் போனதும் குமாஸ்தாவின் மேஜைக்குப் போய், "தப்பு என்னுதுதான்" என்றேன். நிமிராமல், "டைப் பண்ண வேண்டியதைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். மூன்றாவது பத்தியில்தான் நிபந்தனை. அதை அடிக்கும்போது அவர் விரல் நின்று நின்று போனது கேட்டது.

மார்ச் 13

அவர் என் கட்சிக்காரர். தன் சொத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதுவார். இப்படி ஒரு நிபந்தனை கோர்ட்டில் நிற்பது கஷ்டம் என்று நேற்றே சொல்லிப் பார்த்தேன். "நிக்குதோ விழுதோ, அதைப் பாக்க நான் இருக்க மாட்டேனே" என்றார். அவர் ரகசியம் என் ரகசியம். சரி. சட்டம் சரி. அப்புறம் ஏன் அந்த மூன்றாவது பத்தியையே திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன்?

மார்ச் 15, சனி

அவள் தனியாக வந்தாள். வேவு பார்க்க வந்திருக்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தி போகவில்லை.

"மாமா என்ன எழுதறார்னு கேக்க வரல மேடம்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"தெரியும். பொதுவா ஒண்ணு. நமக்கு ஒருத்தர் எழுதி வெச்சதை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

பொறி வைக்கிறாளா? அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். திருகித் திருகி வாரின் தோல் உரிந்திருந்தது. வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம், மூன்று தடவை தள்ளிப் போட்டுவிட்டாளாம். அங்கே ஒருவர் இருக்கிறார் என்றாள். யார், என்ன என்று சொல்லவில்லை. முகம் மட்டும் ஒரு நொடி வேறு மாதிரி ஆனது.

"கிளம்பறேன்னு சொல்ல வாயைத் திறப்பேன். 'வீடு உனக்குத்தாம்மா'ன்னுவார். அதுக்கு மேல எப்படிச் சொல்றது? விட்டுட்டுப் போனவனோட அப்பா என்னை விடாம வெச்சுக்கிட்டார் மேடம். அந்த நன்றி இருக்கில்ல?"

அவளுக்கு நான் வக்கீல் இல்லை, வேறு ஒருவரைப் பார் என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு, "பொதுவாச் சொல்றேன். யாரும் யார் கையிலயும் சொத்தைத் திணிக்க முடியாது" என்றேன்.

இது எல்லை மீறலா? பாதி.

மார்ச் 19, புதன்

கையெழுத்து நாள். சாட்சிக்குக் கீழே கண்ணாடிக் கடைக்காரரும் எதிர்ச் சாரி பல் டாக்டரும். அந்தக் கூண்டு அனுபவத்துக்குப் பிறகு, சாட்சிகள் முன்னால் உயிலை முழுக்கப் படித்துக் காட்டாமல் நான் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை.

அவள் வழக்கம் போல வெளியே பெஞ்சில். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. கண்ணாடிக் கடையில் போய் உட்காரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறந்துவிட்டேனா? அந்தக் கேள்விக்கு இங்கேகூடப் பதில் எழுதப் போவதில்லை.

தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன். பல் டாக்டர் குறுக்கிட்டார்: "பெரியவருக்குக் காது கேக்காதே, எப்படிப் புரியும்? நான் சாட்சி போடணுமே."

சர்வேயரைப் பார்த்தேன். ஊரே நம்பும் பொய். இப்போது விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. கையைக் காதுக்குக் குவித்து, "சத்தமாப் படிங்க" என்றார்.

படித்தேன். மூன்றாவது பத்திக்கு வந்தபோது கையை ஆட்டினார், போதும் என்பது போல. பல் டாக்டர், "முழுசாப் படிங்க மேடம்" என்றார். "மேற்படி மருமகள் என் ஆயுட்காலம் முழுவதும் என்னுடன் வசித்து, மறுமணம் செய்துகொள்ளாத பட்சத்தில் மட்டுமே..."

கதவு திறந்தது. அவள் அழவில்லை.

"போடுங்க மாமா. அப்படியே போடுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. வீடு போயிடும்னு பயந்து இருப்பேன்னு நீங்க நெனச்சீங்க. எனக்கு வீட்டையே குடுக்கறீங்களேங்கற நன்றியிலதான் மாமா நான் இத்தனை நாள் போகல."

"அம்மா, உக்காரு, சொல்றேன்..."

"மாத்திரை டப்பால ரெண்டு வாரத்துக்கு எடுத்து வெச்சிருக்கேன். சமையலுக்கு ஆள் பேசிட்டுத்தான் போவேன்."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். வைத்தார். சாட்சி இருவரும் தரையைப் பார்த்தார்கள். "இன்னொரு நாள் வரேன்" என்று எழுந்தார். கையைப் பிடித்து மாடி இறக்கியதும் அவள்தான்.

மார்ச் 20

குமாஸ்தா இன்று என் மேஜையில் சாப்பிட்டார். தடுப்புப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்படி கேட்காமல் இருந்தார்.

ஏப்ரல் 2

அவள் போய்விட்டாளாம். கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார்.

ஏப்ரல் 21

சர்வேயரின் மகன் போன். "உயில் போட்டாச்சா?" போனில் பேசுவதில்லை என்று மறுபடி சொன்னேன். "அப்பா எப்படி இருக்கார்?" என்று அவன் கேட்கவே இல்லை. எதிர்பார்த்ததுதான்.

ஜூலை 9, புதன்

சர்வேயர் வந்தார், தனியாக. படியில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினார் என்று குமாஸ்தா சொன்னார். இளைத்திருக்கிறார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

எதை மாற்றி எழுத வந்திருக்கிறாரோ, எந்த வலையோ என்று நினைத்தபடி கோப்பை எடுக்கப் போனேன். "அது வேண்டாம்" என்றார். பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வைத்தார். அவளுடையது. கூட நாலாக மடித்த ஒரு காகிதம்.

"பதில் எழுதினேன். நாலு தடவை. ஒவ்வொண்ணும் மனு மாதிரி இருக்கு. நீங்க கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க."

படித்தேன். "நீ போனது சரியல்ல என்றாலும்" என்று ஆரம்பம். "வயதான காலத்தில் என்னை" என்று இன்னொரு வரி. "இருப்பினும்" மூன்று இடத்தில். பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தேன். அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதையும் எடுத்துட்டா என்ன மிச்சம் இருக்கும்?"

"வாழ்த்து மட்டும்."

"ஒரு வரிதானே வருது."

"ஒரு வரி போதும் சார்."

என் மேஜையிலேயே வேறு தாளில் எழுதினார். சர்வேயர் கையெழுத்து, கோடு போட்ட மாதிரி. உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு கிளம்பினார். குமாஸ்தா கூடப் போய்ப் படி இறக்கிவிட்டு வந்தார்.

எதிரே மூலையில் தபால் பெட்டி. போடுகிறாரா, கிழித்துப் பைக்குள் வைக்கிறாரா என்று ஜன்னலில் நின்று பார்த்தேன். வெகு நேரம் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போட்டார். பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொண்டார்.