ளகரம் வராத போன்

2008 மார்ச் 4, செவ்வாய்

இது வேலைதான், அம்மா. இதெல்லாம் ஒரு வேலையோ என்று நீங்கள் கேட்டதும் யாழ்ப்பாணத்து லைன் அறுந்துவிட்டது, அதனால் பதிலை இந்த டயரியில் எழுதுகிறேன். கண் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்கிற போன் ஒன்று வந்திருக்கிறது. பாவிக்கிறவர் பக்கத்தில் இருந்து, எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

எனக்குக் கிடைத்தவர் நாகேஸ்வரி அக்கா. கண் தெரியாது; ஒரு கம்பனியில் டெலிபோன் ஒபரேட்டர். வெள்ளவத்தையில் இரத்தினம்மா அன்ரி வீட்டில் அறை எடுத்து இருக்கிறா. போனைக் காதில் வைத்ததும் முதல் கேள்வி: "தம்பி, இதுக்குத் தடிமனே? சளி பிடிச்ச மாதிரி மூக்கால கதைக்குது."

மார்ச் 7, வெள்ளி

எஸ்எம்எஸ் சோதனை. எல்லோரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அனுப்புகிறார்கள். போன் ஊகித்து வாசிக்கிறது. ளகரம் வரவே வராது. பள்ளி இரண்டு மணிக்கு முடியும் என்று யாரோ அனுப்ப, "பல்லி ரெண்டு மணிக்கு முடியும்" என்றது.

"பாவம், பல்லிக்கு அரைநாள்தான் ஆயுள்" என்றா அக்கா. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

குரலை நிறுத்த மூன்று பட்டன் அமத்த வேண்டும். அதை ஒன்றாக்க வேண்டும் என்கிறா அக்கா. இயர்போன் மாட்டச் சொன்னேன். "காதை அடைச்சா எனக்கு றோட்டே இல்லை, தம்பி."

எல்லாவற்றையும் 'சின்னப் பிழை' என்று போட்டேன். ஒபிஸில் தாஸிம் சேர் சொன்னது அப்படி: "பெரிசை மட்டும் பாருங்க மகன்."

மார்ச் 10, திங்கள்

வெளியில் பாவித்துப் பார்க்கும் சோதனை. கொட்டாஞ்சேனைக்கு பஸ். இரைச்சலுக்குக் கேட்காது என்று சத்தத்தை முழுசாகக் கூட்டி விட்டது நான்தான்.

செக்பொயின்ற். எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பேர். அந்த நேரம் அன்ரியின் மெசேஜ் வந்தது. போன் கத்தியது: "புலி முடிஞ்சுது. கொட்டாஞ்சேனையில இருந்து கொண்டு வா."

வரிசை அப்படியே உறைந்தது. கொழும்பில் அந்தச் சொல்லுக்கு யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

"மொகக்த கிவ்வே?" என்ன சொன்னது என்று ஆமிக்காரன் கேட்டான். அக்கா ஒரு பட்டன் அமத்தினா, இரண்டாவது அமத்தினா, மூன்றாவது தவறிவிட்டது. போன் முதலில் இருந்து தொடங்கியது: "புலி—"

"சியம்பலா, மாத்தயா! சியம்பலா!" அக்கா கத்தினா. புளிக்குச் சிங்களம் அதுதான்; மாத்தயா என்றால் ஐயா. அவன் சிரிக்கவில்லை. போனைப் பறித்தான்.

அக்கா முகத்தைத் திருப்பி, "தம்பி?" என்றா.

நான் வாய் திறக்கேல்ல. என்ர புது அறைக்குப் பொலிஸ் பதிவு எடுக்கேல்ல, அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு— என்னத்தச் சொல்ல?

அக்கா இரண்டாந்தரம் கூப்பிடவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள். நான் பஸ்ஸில் ஏறி இருந்தேன். சீற் பிடிச்சு இருந்தனான்!

மார்ச் 11, செவ்வாய்

என் அறை வாசலில் இரத்தினம்மா அன்ரி. "நீ கூடப் போனனீதானே? எங்கையடா அவள்?"

இடையில் இறங்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

"விடிய விடிய வரேல்லையடா. ரசத்துக்குப் புளி கேட்டனான், வேற என்ன கேட்டனான்?"

மார்ச் 12, புதன்

றோட்டில் போகிற ஜீப் எல்லாம் எனக்குத்தான் வருகிறது.

மார்ச் 13, வியாழன்

அக்காவைப் பிடித்ததைப் பொலிஸ் ஒபிஸுக்கு அறிவித்ததாம்; தாஸிம் சேர் ஒபிஸ் கடிதத்தோடு ஸ்டேஷனுக்குப் போய் வந்தார். கடிதத்தை நம்புகிறார்கள் இல்லையாம். போன் எப்படிப் பிழையாக வாசிக்கிறது என்று யாராவது நேரில் வந்து தட்டிக் காட்ட வேண்டுமாம். சேருக்கு அது தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

"நாகேஸ்வரி உங்கட பேரச் சொல்லவே இல்ல, மகன். தனியாத்தான் வந்தேன்னு மூணு நாளா ஒரே கதை. நான் உங்கள வரச் சொல்லல்ல. யோசிங்க."

யோசித்தேன். உள்ளே போனால் என்னையும் வைத்துக்கொள்வார்களா? பதிவு எங்கே என்று கேட்டால்? அம்மாவுக்கு யார் சொல்லுவார்கள்?

கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "மம தமய் எயா எக்க ஆவே." அவவோடு வந்தது நான்தான். முதல் தரம் குரலே வரவில்லை. மூன்றாந்தரம் வந்தது.

என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வந்த சேர் கீழே ஹோன் அடிக்கிறார். நான் இப்ப போகவேணும்.