வலக்கைக் கோலின் கைப்பிடி

என் ஆசை அக்கா,

நாளை விடியச் சந்நிதி முருகன் கோயிலிலிருந்து அடியார்களோடு கதிர்காமத்துக்கு நடக்கத் தொடங்குகிறேன். நேர்த்தி உன்னுடையது. மகளுக்குப் பிள்ளை கிடைத்தால் நடந்து வருவேன் என்று முருகனிடம் சொன்னாய். பேரன் பிறந்தான். ரொறன்ரோவில் இரண்டு நடைக்கோல்களை வாங்கி மூன்று வருடம் நடந்து பழகினாய். பிறகு ஒருநாள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. இப்போது உனக்காக நான் போகிறேன்.

கோல்களை அத்தான் இணுவிலுக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தக்கைக் கைப்பிடிகளின் அடிப்புடைப்பில், உன் கடைசிச் சின்னிவிரல் இருந்து இருந்து ஒரு குழி விழுந்திருக்கிறது. தேத்தண்ணீர் குடிக்கும்போது அத்தான் அதைத் தடவிக்கொண்டிருப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

என் வலக்கைச் சின்னிவிரல் உனக்குத் தெரியும்தானே? சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சுன்னாகத்தில் நீ விழுத்தியதில் முறிந்து, வளைந்தபடியே பொருந்திய விரல். அது உன் குழிக்குள் படுக்காது. குழியின் விளிம்பு அதில் நேரே குத்துகிறது. அரை மணி நேரம் நடந்தால் கை வீங்கிவிடும்.

உன் தக்கையைத் தொட மனமில்லாமல், மண்வெட்டிப் பிடிக்குச் சுற்றுகிற மாதிரி அதன் மேலே சைக்கிள் ரியூபை வெட்டி இழுத்துச் சுற்றினேன். எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் மருந்து சைக்கிள் ரியூப்தானே. போன செவ்வாய் கீரிமலை வரை நடந்து பார்த்தேன். வியர்வையில் ரியூப் உருண்டது. கேணிப் படியில் கோல் கையை விட்டுப் போய், முழங்கால் அடிபட விழுந்தேன். இங்கேயே இப்படியென்றால் கதிர்காமக் காட்டுக்குள் என்ன செய்வேன்?

தக்கையைச் சீவத்தான் வேண்டும் என்றேன். அத்தானின் முகம் மாறிவிட்டது.

"அதிலை கத்தி வைக்காதை. அவளின்ரை விரல் இருக்கிறது இனி அதிலைதான். உனக்கு வேறை பொல்லு வெட்டித் தாறன்."

"நடக்கிறது அக்காவின்ரை நேர்த்தி, அத்தான். அவவின்ரை கோலும் நடக்கவேணும்."

இரண்டு நாளாக அவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இன்று மத்தியானம் அவருக்கு முன்னாலேயே கத்தியை எடுத்தேன். ஒளித்துச் செய்தால் களவு மாதிரி இருந்திருக்கும். அவர் எழும்பி வந்து பறிப்பார் என்று ஒவ்வொரு சீவலுக்கும் பயந்தேன். வரவில்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? திட்டியிருப்பாயா?

வலக்கைக் கோலில் குழி போய்விட்டது, அக்கா. அரத்தாளால் தேய்த்து, பந்தடிக்கிற மட்டைக்குச் சுற்றும் பட்டியை ஒட்டினேன். பிடித்துப் பார்த்தேன், விரல் நோகவில்லை. அதற்குத்தான் அழுகை வந்தது.

அத்தான் குனிந்து நிலத்தில் கிடந்த தக்கைச் சீவல்களை ஒன்று விடாமல் பொறுக்கினார். திருநீறு மடிக்கிற மாதிரித் தாளில் மடித்து என்னிடம் நீட்டினார்.

"கதிர்காமத்திலை மாணிக்க கங்கையிலை விடு."

"தக்கை, அத்தான். தாழாது, மிதக்கும்."

"மிதக்கட்டும்."

இடக்கைக் கோலை நான் தொடவில்லை. அதன் குழியில் என் நல்ல விரல் அளவாகப் பொருந்துகிறது. வழியில் எத்தனை தரம் விழுந்தாலும் எழும்பிப் போய்ச் சேருவேன். ஆற்றில் உன் பேரனின் பெயரைச் சொல்லித் தாளைப் பிரிப்பேன். இது சத்தியம்.

நீ சைக்கிளால் விழுத்திய
உன் தங்கச்சி