எல்லா எண்களும் ஒரே கம்பியினுடையவை

ஷிரோலி, கோலாப்பூர்
நவம்பர் 19

அன்புள்ள கேதகிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டி வலி மட்டும் குளிர் தொடங்கியதும் வழக்கம்போல. நீ அங்கே பனிக்கு நடுவில் நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஃபோனில் பேசியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், இளகக் கூடாத விஷயம் இது. அதனால் காகிதம்.

போன வாரம் நீ அனுப்பிய இரண்டு வரியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "அம்மா, சித்தப்பா சொல்ற இடத்துல கையெழுத்து போட்டுடு. இக்பாலுக்கு அவர் ஏதாவது பார்த்துக்குவார்." எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

நடந்ததை உன் சித்தப்பா தனாஜி அவருடைய விதத்தில் சொல்லியிருப்பார், நான் என்னுடைய விதத்தில் சொல்கிறேன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இறக்கும் கிரேனுக்கான பல்சக்கரத் தண்டுகள் பன்னிரண்டு, செப்டம்பரில் நம்மிடம் நைட்ரைடிங்குக்கு வந்தன. அம்மோனியா வாயுவில் ஐந்நூற்றிருபது டிகிரி, நாற்பத்தெட்டு மணி நேரம். நைட்ரஜன் தோலுக்குள் இறங்கிப் பரப்பு கண்ணாடிபோல் கடினமாக வேண்டும். ஆனால் அதற்கு எஃகு ஒத்துழைக்க வேண்டும். அலுமினியமும் குரோமியமும் கலந்த எஃகு என்று சீட்டில் எழுதியிருந்தது. இரும்புக் கடைக்காரன் கொடுத்ததோ சாதாரண எஃகு. அதற்குள் வாயு பேருக்குத்தான் இறங்கியது. வெளியே எடுத்தபோது எல்லாம் ஒரே சாம்பல் நிறம், கண்ணுக்கு வித்தியாசமே இல்லை.

தண்டுகளோடு உள்ளே போன டெஸ்ட் பீஸில் நான் வைர ஊசியை அழுத்திக் கடினத்தைச் சோதித்தேன். ஆயிரத்து ஐம்பது. சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பது நாளில் பற்கள் தேய்ந்து, ஆலை முற்றத்தில் கிரேன் பிடி நழுவி, ஒரு கட்டுக் கரும்பு விஷ்ணு கேதார் என்பவன்மேல் விழுந்தது. பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வண்டியோடு வந்தவன், இருபத்தாறு வயது. வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனைக்குப் போனேன். அவன் மனைவி கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து பாக்ரி ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "நீங்க கம்பெனியா, சர்க்காரா?" என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு வந்தீங்க?" என்றாள். கோபமாகக்கூட இல்லை.  வாங்கிப் போயிருந்த ஆரஞ்சை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த டெஸ்ட் பீஸ் எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், ஒரு முறையாவது தாளில் இருக்கட்டும். ஒவ்வொரு லாட்டோடும் அந்த லாட்டின் எஃகிலிருந்தே ஒரு துண்டு உள்ளே போக வேண்டும். நம் பட்டறையில் போவது நம் வீட்டுக் கம்பி. உன் அப்பா தொடங்கும்போது நல்ல எஃகாக நீளக் கம்பிகள் வாங்கிப் போட்டார், வாரம் ஒரு வில்லை அறுத்து ஃபர்னஸில் வைப்பார். ஃபர்னஸ் சரியாக ஓடியதா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் அது, அவரே அப்படித்தான் சொல்வார். அவர் போன பிறகு அதே வில்லையின் எண் சான்றிதழுக்குள் ஏறியது. யாரும் முடிவு செய்யவில்லை. ஏறியது. நானும் ஏற்றினேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொய் எண்கூட நான் எழுதியதில்லை கேதகி. எல்லாம் உண்மையான எண்கள். வேறொரு பொருளின் உண்மை.

இன்னொன்று. இதை உன் சித்தப்பா சொல்லியிருக்க மாட்டார். அந்த லாட் வெளியே வந்த அன்று ஃபர்னஸில் நின்ற இக்பால் ஒரு தண்டின் ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தான். அவன் எப்போதும் செய்வான், நல்ல தோலில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், மென்மையானதில் கடிக்கும். லேபுக்கு வந்து, "அக்கா, அரம் பிடிக்குது" என்றான். நான் எண்ணைக் காட்டினேன். "ஆயிரத்து ஐம்பதுப்பா. உன் அரம் புதுசு, அதான் பசியில கடிக்குது" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "உங்க வைர ஊசி பெரிய வீட்டுப் பொண்ணு அக்கா, என் அரம் கூலிக்காரன். ஆனா கூலிக்காரன் கல்லு எது களிமண்ணு எதுன்னு தெரியாமலா இருப்பான்?" என்று சொல்லிவிட்டு நின்றான். நான் மறுபடி சோதிக்கிறேன் என்று சொல்வேனோ என்று நின்றான். நான் அடுத்த லாட்டின் தாளை எடுத்தேன்.

இயற்பியல் படித்தவள் நான். அரம் பிடிக்கிறது என்பது எனக்கு ஒரு அளவாகவே தோன்றவில்லை.

தேய்ந்த தண்டு திரும்பி வந்ததும் நானே ஒரு துண்டு அறுத்து, மெருகேற்றி, வைர ஊசியின் கீழ் வைத்தேன். முன்னூற்று நாற்பது. மைக்ரோஸ்கோப்பில், ஊசி பதித்த அந்தச் சதுரப் பள்ளம் எவ்வளவு பெரிதாக இருந்தது தெரியுமா. மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் அதேதான்.

சித்தப்பா கொண்டுவந்த தாளில் இருந்தது ஒரே வரி. ஃபர்னஸ் ஆபரேட்டர் இக்பால் முல்லா இரண்டு லாட்டுகளைக் கலந்துவிட்டார், டெஸ்ட் பீஸை மாற்றி வைத்துவிட்டார். கீழே என் பெயர். "அண்ணி, உங்க எண்ணு பொய்யின்னு யாரும் சொல்லலியே. பீஸை மாத்தினது அவன்னு ஒரு வரி, அவ்வளவுதான். பட்டறை நிக்கும், முப்பது வீட்ல அடுப்பு எரியும்" என்றார். நான் பேனாவைத் தொடவில்லை. "காலேஜ் படிச்ச அண்ணிக்கு ஒரு கையெழுத்துப் போட இத்தனை யோசனையா? அண்ணன் இருந்தா இந்நேரம் போட்டிருப்பான்" என்றார். இருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டது நல்லது.

பிறகு உன் இரண்டு வரி வந்தது. முதலில் நினைத்தேன், பிள்ளை பயப்படுகிறாள், தொலைவில் இருக்கிறாள், அம்மா தனியாக மாட்டிக்கொள்வாளே என்று எழுதியிருக்கிறாள். இரண்டு நாள் அப்படி நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் உன் முதுகலை ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். நீ தபாலில் அனுப்பிய பிரதி, பூஜை அலமாரியில் இருந்தது. ஐந்து வகை எஃகு, நூற்று எண்பது லாட், பதினோரு வருடத்து எண்கள், எல்லாம் நான் தாள்தாளாக ஸ்கேன் செய்து அனுப்பியவை. எஃகு மாறினாலும் எண்களில் சிதறலே இல்லை என்று உன் பேராசிரியர் வியந்தார் என்று அன்று சொன்னாய். ஒரே கம்பியில் சிதறல் எங்கிருந்து வரும்.

அனுப்பும்போது எனக்கு அது உறைக்கவில்லை. என் குற்றம் அது, உன்னுடையது அல்ல. ஆனால் போன வருடம் கோடை விடுமுறைக்கு வந்தபோது வில்லை அறுக்கும் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாய். "எல்லாத்துக்கும் இதே கம்பியாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ டீயைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாய். அம்மோனியா நெடி தாங்கவில்லை என்றாய். அந்த நெடியிலேயே வளர்ந்தவள் நீ. நான் நம்பினேன்.

இக்பால் கலந்துவிட்டான் என்றால் ஒரு லாட்டோடு முடிந்துவிடும். கம்பி என்றால் நூற்று எண்பதும் போகும். இதை நீ கணக்குப் பார்த்துத்தான் எழுதினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. இல்லை என்று நீ சொன்னால் அதையும் நம்பித் தொலைப்பேன்.

நேற்று தொழிற்சாலை ஆய்வாளரிடம் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக் கம்பி, எத்தனை வருடமாக, சான்றிதழ்கள் எவ்வாறு எழுதப்பட்டன, முன்னூற்று நாற்பது. இக்பால் சொன்னதும் நான் கேலி செய்ததும் தனி வரியாக. பட்டறைக்கு இன்று காலை முத்திரை வைத்தார்கள். சித்தப்பா வீட்டு முற்றத்துக்கு நடுவில் பலகை அடித்துக்கொண்டிருக்கிறார், இனி அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். ஆணி அடிக்கும் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இக்பாலிடம் போய்ச் சொன்னேன். அவன் நன்றி சொல்வான் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. "அன்னிக்கே ஒரு தண்டை அறுத்துப் பார்த்திருக்கலாமே அக்கா" என்றான். "இப்ப எனக்கு வேலையும் இல்ல, அவனுக்குக் காலும் இல்ல. உங்க மனசு மட்டும் சுத்தமாயிடுச்சு." டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம். உட்காரவும் சொல்லவில்லை.

வாக்குமூலத்தில் உன் பெயர் இல்லை. ஆய்வேடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேராசிரியரின் முகவரி என்னிடம் இருக்கிறது, உறைமேல் எழுதக்கூடத் தொடங்கினேன், கிழித்துவிட்டேன். அது நான் எழுத வேண்டிய கடிதம் இல்லை. இது உன் கைக்கு வந்து சேரப் பன்னிரண்டு நாளாவது ஆகும். அதற்குள் நீயே அவருக்கு எழுதியிருந்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடு. எழுதவில்லை என்றால் கூப்பிடாதே.

அம்பாபாய் அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இரண்டாவதைக் கேட்டுக்கொள். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

அம்மா
மேதா சாளோகே