நார்மல் என்று எழுதிய படம்

பரமத்தி வேலூர்
3.7.2024

அன்புள்ள டாக்டர் அண்ணனுக்கு,

சித்ரா எழுதுவது. நீங்களும் அண்ணியும் நலமா? கூடப் பிறக்காவிட்டாலும் நீங்கள் எனக்கு அண்ணன், போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று கோபம்தான். ஆனால் இப்போது எனக்குக் காரியம் ஆக வேண்டும், கோபத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நான் ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் தீபிகா என்று பத்தாம் வகுப்புப் பெண், மூவாயிரம் மீட்டர் ஓடுகிறாள். மூன்று வாரமாகத் தொடை இடுக்கில் வலி. ஓடினால் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. எக்ஸ்ரேயில் நார்மல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி மாவட்டப் போட்டி. 2019இல் என் எக்ஸ்ரே சீட்டிலும் அதே வார்த்தைதான் இருந்தது. கையெழுத்து உங்களுடையது, ஆனாலும் உங்களைக் குறை சொல்லவில்லை, எக்ஸ்ரேயில் எல்லாமா தெரியும்?

அவள் அம்மா விளக்கெண்ணெய் காய்ச்சி உருவிவிடுகிறார். போய்ச் சத்தம் போட்டு நிறுத்தினேன். 2019இல் என் போட்டியன்று காலை எங்கப்பாவும் அப்படித்தான் உருவிவிட்டார், ஏழாவது சுற்றில் எலும்பு முறிந்தது. "இந்தக் கைதான் சாமி ஒடிச்சுப்போட்டுது" என்பார். சாகும்வரை மூன்று வருடம் அந்தக் கையால் என்னைத் தொடவே இல்லை. அம்மா இன்னும் அவர் படத்துக்குப் பூ வைப்பதில்லை. சில நாள் விழிக்கும்போதே என் காலில் எண்ணெய் வாசம் அடிக்கிறது. நான் எண்ணெய் வாங்கி வருடக்கணக்காகிறது.

தீபிகாவை அனுப்புகிறேன். நீங்களே பாருங்கள்.

உங்கள் தங்கை,
சித்ரா

சேலம்
9.7.2024

அன்புள்ள சித்ரா,

எம்.ஆர்.ஐ. எடுத்தேன். நீ பயந்தது சரி. தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்தில், உள்பக்கம் ஒரு விரிசல். பாதிவரைகூடப் போகவில்லை. ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, ஊன்றுகோலோடு நடக்கட்டும். மறுபடி படம் பார்த்த பிறகுதான் ஓட்டம். எலும்பு டாக்டரும் அதையே சொன்னார். பிள்ளை தப்பித்தாள்.

இனி எழுதுவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் பழைய எக்ஸ்ரே என்னிடம் இருக்கிறது. உனக்கு முறிந்த வாரமே அதை மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில், முடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. உன்னை எக்ஸ்ரேக்கு அனுப்பிய டாக்டரின் சீட்டில் 'தசைப் பிடிப்பு' என்று எழுதி வந்ததால், தசை ஒட்டுகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். 'சந்தேகம்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நீ ஓடியிருக்க மாட்டாய். அந்தக் கோடு நீ வாரக்கணக்காக ஓடி ஓடி விழுந்தது. யார் உருவிவிட்டும் அங்கே எலும்பு ஒடியாது. உன் அப்பா ஒடிக்கவில்லை.

ஐந்து வருடமாக யார் இடுப்பைப் பார்த்தாலும் திரையில் முதலில் உன் எலும்புதான் வந்து நிற்கிறது. தீபிகாவின் படத்தை நான்கு தடவை பார்த்தேன். மூன்று தடவை தெரிந்தது உன்னுடையதுதான். உனக்கு நான் கடிதம் எழுதியதெல்லாம் அன்பால் மட்டும் இல்லை, பயத்தாலும்தான். மன்னிக்க முடியுமா, சித்ரா?

அன்பரசு

பரமத்தி வேலூர்
24.7.2024

டாக்டர் அவர்களுக்கு,

தீபிகா ஊன்றுகோலோடு பள்ளிக்கு வருகிறாள். போட்டியன்று உட்கார்ந்து அழுதாள். அழட்டும், கால் இருக்கிறது. அதற்கு நன்றி.

என் காலுக்காக உங்களை மன்னித்துவிடலாம். யாருக்கும் கண் தவறும். ஆனால் அந்த வாரமே தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தது ஞாபகம் இருக்கிறதா? கட்டில் ஓரத்தில் நின்று அப்பா உங்களிடமே சொன்னார், "என்ற கைதானுங்க டாக்டர்." அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகும் மூன்று வருடம் அவர் இருந்தார். உங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையா?

கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "செத்தவருக்காக அந்த டாக்டரு பொய் எழுதறாரு, நீதான் சொல்லி எழுத வெச்சிருப்பே" என்று எழுந்து போய்விட்டார். காகிதத்தை அவர் நம்ப மாட்டார்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து, கோடு இருக்கும் இடத்தை அம்மாவுக்கு உங்கள் விரலாலேயே காட்டுங்கள். யார் தப்பு என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

கு. சித்ரா