அப்பாவின் முட்டிவலியும் பேட்மிண்டன் கிளப்பும்

சுங்கை பட்டாணி,
செப்டம்பர் 1943

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அப்பாவும் சுகம், அதாவது மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்பவர்கள் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகம். சிரம்பானில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவள் மரியாவும் நல்லபடி இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால் லாரி ஓட்டும் குழந்தைவேலுவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஈஸ்டர் முடிந்த வாரம் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் நம் ரப்பர் தோட்டத்தில் நாற்பது பேரை எடுத்தார்கள், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்றுகூடப் பார்க்காமல் அப்பா பெயரையும் எழுதிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் பரஞ்சோதிக்கு முட்டையிடும் கோழி இரண்டைக் கொடுத்தேன், முட்டி வாதம், பத்தடிகூட நடக்கமாட்டார் என்று எழுதிக்கொடுத்தார், பெயரை அடித்தார்கள். அன்றிலிருந்து அப்பா கையில் தடி. நானும் நாலு பேர் பார்க்கும்படி தைலம் தேய்த்துவிடுவேன், அவரும் நன்றாகவே முனகுவார். இதோடு இருந்திருக்கலாம். ஜூலையில் டவுனில் மூடிக்கிடந்த கிராணிமார் கிளப்பைத் திறந்து பேட்மிண்டன் ஆட ஆரம்பித்தார்கள். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் மெம்பராகத் திரும்பி வந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கோப்பை வாங்கியவர் அல்லவா, கை சும்மா இருக்குமா. நாற்பத்தெட்டு வயது, தொப்பை மட்டும் இந்தப் பஞ்சத்திலும் இளைக்கவில்லை, அதன்மேல் என் ஜன்னல் திரையை வெட்டித் தைத்த அரைக்கால் சட்டை. மட்டைக்கு நரம்பு கிடைக்காமல் தஞ்சோங் டாவாயிலிருந்து மீன்பிடி நூல் வரவழைத்தார், பந்துக்கு இறகு வேண்டுமென்று என் வாத்துகளைத் துரத்தினார். நடக்கமுடியாத மனுஷன் வாத்தை விரட்டிப் பிடிக்கிறார். கேட்டால், முட்டிவலி தோட்டத்துக்குள்தான், டவுனில் அது யாருக்குத் தெரியும் என்று எனக்கே சட்டம் பேசினார். தோட்டத்து முனைவரை தடியூன்றிப் போவது, அங்கே புதரில் தடியை ஒளித்துவிட்டு விறுவிறுவென்று நடப்பது, திரும்பும்போது எடுத்துக்கொண்டு நொண்டுவது. ஒருநாள் ஆடிய களைப்பில் எந்தக் கால் என்பதே மறந்து மற்றக் காலை நொண்டிக்கொண்டு வந்தார்.

போன வாரம் ஜப்பான்காரர்களுக்கு ஏதோ விசேஷம், கிளப்பு ஆட்கள் நம் தோட்டத்துத் திடலில் வந்து ஆடிக்காட்டவேண்டும் என்று உத்தரவு. லயத்து வீடுகளில் இருக்கும் கூலி ஜனம் முழுவதும் வந்து நிற்கவேண்டும் என்றும் உத்தரவு. தோட்டத்தில் வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நின்ற இடத்திலேயே நின்று ஆடுவேன் என்றார். எதிரே ஆர்தர் என்று ஒரு பையன், அந்த வாயாடி, மெதுவா போடறேன்லா அங்கிள், பயப்படாதீங்க என்றான். அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு முட்டியும் மறந்தது, சயாமும் மறந்தது. எகிறி எகிறி அடித்தார். ஜெயித்துவிட்டு மட்டையைத் தூக்கிக்காட்டி ஒரு துள்ளல் வேறு. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் வந்திருந்த ஜப்பான் அதிகாரி புதியவன், முட்டிக்கதை ஒன்றும் தெரியாது, கைதட்டி இரண்டு பொட்டலம் சிகரெட் கொடுத்தான். தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் லயத்துக் காளியம்மா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். உனக்கு ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அப்பா பெயரை அடித்ததும் நாற்பதில் ஒன்று குறைந்தது, அந்த இடத்துக்கு லாரியில் ஏற்றியது அவள் புருஷன் பிச்சையை. இதுவரை ஒரு தகவலும் இல்லை. கிராணி ஐயாவுக்குக் கால் நல்லாயிடுச்சுங்களேம்மா, கண்ணால பார்த்தேன், நல்லா இருக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு லயத்துக்குத் திரும்பிவிட்டாள். ஜப்பான்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று குதித்ததில் அப்பாவுக்கு முட்டி நிஜமாகவே வீங்கிவிட்டது, நம்பத்தான் ஆளில்லை. பரஞ்சோதி இனி எழுதமாட்டேன் என்கிறார். திங்கட்கிழமை சயாமுக்குப் போகிறவர்களின் அடுத்த பட்டியல் வாசிக்கிறார்கள். கூப்பிட்டால் முட்டியைச் சொல்லாமல் போகிறேன் என்று அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். அவர் போகக்கூடாது பேட்ரிசியா. மிச்சமிருக்கும் கோழியையும் கொடுத்து நிறுத்தலாமா என்றுதான் என் புத்தி போகிறது. காளியம்மா முகத்தைப் பார்த்த பிறகும் அப்படித்தான் போகிறது, அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மழைக்காலம் வருகிறது, குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடு. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே. மரியா ஜெபத்தில் தாத்தா பெயரைச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் பிச்சை என்ற பெயரைச் சொல்லப் பழக்கு. யார் என்று கேட்டால், தாத்தாவுக்குப் பதிலாகப் போனவர் என்று சொல்.

உன் அம்மா,
நவமணி