டான்டெலியான் பாலுக்கு நன்றி சொல்லக் கூடாது

அன்பு நோரா அக்கா,

தோஹாவில் வெயில் தணிந்துவிட்டது. நஜ்மா பகுதியில் மறுபடியும் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது நீங்கள் கொடுத்துச் சென்ற டான்டெலியான் செடித் தொட்டி, எங்கள் சமையலறை ஜன்னலில் புதிதாக இலை விட்டிருக்கிறது.

அயர்லாந்து வயலில் உங்கள் அப்பா திட்டிக்கொண்டே பிடுங்கி எறிந்த களைகளை, உங்கள் அம்மா பின்னாலேயே போய்ப் பொறுக்கி வருவார் என்பீர்களே. தொட்டால் அரிக்கும் நெட்டில் இலையில் சூப். அந்த அரிப்புக்குத் தேய்க்க டாக் இலை. மருவுக்கு டான்டெலியான் பால். எங்கள் ஊரில் மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால் வைப்போம் என்றேன். "அப்போ நாம சொந்தக்காரங்கதான்" என்று சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் கீழ்வீட்டு நோரா எனக்கு அக்கா ஆனது.

யாழினியின் கட்டைவிரல் மருவைப் பார்த்துப் பள்ளியில் யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. வகுப்பு ஏ.சி.க்குப் போடும் ஸ்வெட்டர் கையை எந்நேரமும் இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். நீங்கள் தண்டைக் கிள்ளிப் பால் வைத்துவிட்டு, "இதுக்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னா மருந்து பலிக்காது, எங்க ஊர் சட்டம்" என்றீர்கள். எதற்கெடுத்தாலும் தாங்க்யூ சொல்லிப் பழகியவள் திணறிப்போனாள்.

"அப்போ ஸாரி சொல்லலாமா ஆன்ட்டி?"

தினமும் மேலே வந்து பால் வைத்தீர்கள். ஊருக்குக் கிளம்பிய அன்று லிஃப்ட் கதவு மூடும்போது அவள் வாய் தவறி "தாங்க்யூ!" என்று கத்திவிட்டாள். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "போச்சும்மா, இனி இது போகவே போகாது."

சில நாளில், உங்கள் தங்கை வீட்டில் தூக்கத்திலேயே நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அதன் பிறகு அந்த விரலை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

போன வாரம் பள்ளியிலிருந்து ஓடிவந்து கையை நீட்டினாள். "அம்மா, மரு மாஃபி! இல்லவே இல்ல!" விளையாட்டில் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்தார்களாம்.

மரு தானாகவே உதிர்வதுண்டு என்றார் டாக்டர். யாழினி ஒப்பவில்லை. "ஆன்ட்டிக்கு நான் சொன்னது கேட்டிருக்காது. லிஃப்ட் மூடிடுச்சுல்ல?"

அப்படியானால் இப்போது நான் தாராளமாகச் சொல்லலாம் இல்லையா அக்கா? எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான். ஆனால் உங்களுக்குக் கேட்காது என்று நினைக்க மனம் வரவில்லை. அதனால் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதாமல் விடுகிறேன்.

தொட்டியை வாட விடமாட்டோம். மருவோடு யார் வந்தாலும் பால் வைத்து அனுப்புவோம். அவர்கள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாழினிக்கு.

உங்கள் மேல்வீட்டுத் தங்கை,
தேன்மொழி