ஆகஸ்டில் நடந்த என் திடப்படுத்தல்

அன்புள்ள இங்கா அக்கா,

உன் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். சியாட்டில் மழையில் தலையை நனைக்காதே. நாங்கள் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். எல்லாரும் தூங்கிவிட்டார்கள், போனில் எழுதினால் அப்பா பார்த்துவிடுவார் என்று டார்ச் வெளிச்சத்தில் காகிதத்தில் எழுதுகிறேன்.

பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் வழக்கமாக அக்டோபரில்தானே, உனக்கு மட்டும் ஏன் ஆகஸ்டில் என்று கேட்டாயே. நான் தயாராகிவிட்டேன் என்று சபைத் தலைவராக அப்பாவே போதகரிடம் சொன்னார், எனக்கு அவ்வளவு பெருமை. பீடத்தின் முன் முழங்காலிட்டு, சாகும்வரை இந்தச் சபையில் நிலைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டாம் ஞாயிறே ஓட்டெடுப்பு. இளைஞர்கள் வருவார்கள் என்று லூத்தரன் என்ற பிரிவுப் பெயரை எடுத்துவிட்டு, நெடுஞ்சாலையில் பழைய டயர் கடையில் நடக்கிற, எந்தப் பிரிவையும் சேராத அந்தப் புதுச் சபையோடு இணைவதா வேண்டாமா என்று. திடப்படுத்தல் ஆனவர்களுக்குத்தான் ஓட்டு. காரில் அப்பா, "உன் ஓட்டு இருக்குங்கற தைரியத்துலதான் கூட்டமே வெச்சேன், ஆமான்னு போட்டுடு கண்ணு" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது அக்கா. வேண்டாம் என்று போட்டேன். இணைவதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஓட்டு குறைந்தது.

ஆர்கன் வாசிக்கும் ஓடகார்ட் ஆன்ட்டி காபி நேரத்தில், "லூத்தரன்னு போர்டு இருக்கறதாலதான் பசங்க வரலையா? அப்ப டயர்னு போர்டு வெச்சுப் பாருங்க, பிச்சுக்கிட்டு வரும்" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வருகிற ஞாயிறு மறுபடி ஓட்டெடுப்பாம். அதற்குள் ஒரு வருஷமாக நற்கருணை எடுக்காதவர் என்று, வேண்டாம் என்று போட்ட ஆன்ட்டியின் பெயரை ஓட்டுப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அவர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது போதகர் வீட்டுக்கே போய்க் கொடுத்தார், பதிவேட்டில் எழுதத்தான் மறந்தார். நற்கருணை அப்பமும் திராட்சை ரசமும் இருந்த பெட்டியைத் தூக்கிப்போனது நான். எங்களைக் காரில் கொண்டுபோய் விட்டது அப்பா. நேற்று போதகரைக் கேட்டேன், "எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்று கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்திலேயே நின்ற அப்பா கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நடந்ததைச் சொல்லப்போகிறேன். ஓட்டு உள்ளவர்கள் பேசினால் தடுக்கக் கூடாது என்பது சட்டம். அந்த உரிமையை அவசர அவசரமாக எனக்கு வாங்கிக் கொடுத்தது அப்பாதான்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. வீட்டுக்குப் பேசும்போது இதைச் சொல்லிவிடாதே. ஞாயிறு மதியம் மட்டும் போனைக் கையிலேயே வைத்திரு.

உன் தங்கை,
சிக்ரிட்